இசைத்தட்டுக்கு வைத்த பொட்டு

கிள்ளான்,
12.6.1983

என் நாத்தனார் பாட்டுக்காரி இராஜம்மாவுக்கு,

உன் அண்ணி தனலெட்சுமி எழுதுவது. இங்கே நானும் உன் அண்ணனும் உயிரோடு இருக்கிறோம். அவருக்கு முட்டிவலி, எனக்கு அவரால் தலைவலி. அங்கே கெடாவில் நீயும் சபாபதி அண்ணனும் ரமணியும் மாப்பிள்ளையும் எப்படி இருக்கிறீர்கள்? நான் மூன்றாவது வரை படித்தவள். வரி கோணலாகப் போனால் கடிதத்தைச் சாய்த்துப் பிடித்துப் படித்துக்கொள்.

போன வாரம் நம் வீட்டு வாசலில் ஒரு கார் வந்து நின்றது. வழி கேட்கத்தான் நிறுத்துகிறார்கள் என்று நினைத்தால், "அக்கா, ரெங்கசாமி அண்ணே வீடு இதானே?" என்று ஒருவர் இறங்கினார். தலையில் நாலு முடி. பிரிக்பீல்ட்ஸ் இசைத்தட்டுக் கடைச் செட்டியாரின் மகன் மீனாட்சிசுந்தரமாம். அவர் அப்பாதான் அறுபத்தெட்டில் உன்னை மைக் முன்னால் நிறுத்தித் "தோட்டத்துப் பாட்டு" போட்டவர். உனக்கு அன்று கால் நடுங்கியதில் உன் புடவையைப் பின்னாலிருந்து நான் பிடித்துக்கொண்டு நின்றது ஞாபகம் இருக்கிறதா?

அந்தத் தட்டை மறுபடியும் போடப் போகிறாராம்! "ஏன் தம்பி, இப்பல்லாம் கேசட்டுதானே?" என்றேன்.

"கேசட்டு போட்டா மறுநாளே பாசார் மாலாம் ராத்திரிச் சந்தையில காப்பி வந்துரும் அக்கா. தட்டுன்னா எவனும் கை வைக்க முடியாதுலா."

ஆனால் ஒரு சிக்கல். அந்தக் காலத்தில் உன் குரலைப் பிடித்து வைத்த நாடாவெல்லாம் பூசணம் பிடித்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டதாம். நல்ல தட்டு ஒன்று கிடைத்தால் அதிலிருந்தே எடுத்து அச்சடிக்கலாமாம். பந்திங்கில் ஒருவர் வைத்திருந்தது கல்யாணம் கல்யாணமாகப் போட்டுத் தேய்ந்துவிட்டது. டெங்கிலில் ஒருவர் வீட்டில் தட்டு வெயில் பட்டு அப்பளம் மாதிரி வளைந்து கிடக்கிறதாம்.

"எங்க வீட்டுத் தட்டுல ஊசியே பட்டதில்ல தம்பி" என்றேன். மனுஷன் முகத்தைப் பார்க்க வேண்டும்! உனக்குக் கொடுத்த தட்டை ரமணி சின்னதில் வண்டிச் சக்கரமாக உருட்டி விளையாடினாள். உன் அண்ணனுக்கு நீ கொடுத்தது அன்று முதல் இன்று வரை எங்கள் சாமி மேடையில் இருக்கிறது. போட்டுக் கேட்க நம்மிடம் மிஷின் ஏது? ஏழையாக இருப்பதிலும் ஒரு லாபம் பார்த்தாயா?

மைக் முன்னால் நடுங்கியவளே, மறுபடியும் பேர் வாங்கப் போகிறாய். பதில் போடு.

உன் அண்ணி,
தனலெட்சுமி

*

சுங்கைப் பட்டாணி,
3.7.1983

அன்பு அண்ணிக்கு இராஜம்மா வணக்கம் சொல்லி எழுதிக்கொள்வது.

இங்கே எல்லாரும் இருக்கிறோம். அண்ணன் முட்டிக்கு நல்லெண்ணெய் காய்ச்சித் தேய்த்து விடுங்கள். தேய்க்கும்போது பேச்சுக் கொடுக்காதீர்கள், வலி கூடிவிடும்.

உங்கள் கடிதத்தை இவர் சத்தமாகப் படித்தார். எனக்குச் சிரிப்பும் வந்தது, இருமலும் வந்தது. இரண்டு மாதமாகத் தொண்டை சரியில்லை. கரகரவென்று ஆண்பிள்ளை மாதிரி இருக்கிறது. பேசினால் வலிக்கிறது. ஆஸ்பத்திரியில் பினாங்குக்குப் போய்க் காட்டச் சொல்லியிருக்கிறார்கள். பயப்பட ஒன்றும் இல்லை.

ஒரு நல்ல சேதி. ரமணி முழுகாமல் இருக்கிறாள். தை மாதத்தில் குழந்தை. தோட்டத்தில் விடிகாலை ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்குப் போகும்முன் அவளைத் தூங்க வைத்த பாட்டுதான் அந்தத் தட்டில் முதலில் வருவது. உங்களுக்குத் தெரியும்.

பெரட்டுக்கு மணியடிச்சா
பெத்தவ போகணும்
பெரியவனே அதுக்குள்ளே
பேசாமத் தூங்கணும்

அதை அவள் பிள்ளைக்கும் பாட வேண்டும் என்று ஆசை. தொண்டை இப்படி இருப்பதால் கேட்கிறேன், அண்ணி. தட்டில் மற்றப் பாட்டெல்லாம் எப்படி வந்தாலும் சரி. அந்தத் தாலாட்டு மட்டும் நன்றாக வருமா? செட்டியாரிடம் கேட்டுச் சொல்லுங்கள். எனக்கு அது வேண்டும்.

இராஜம்மா

*

கிள்ளான்,
20.7.1983

பாட்டி ஆகப் போகிற பாட்டுக்காரிக்கு,

இங்கே சுகம். ரமணிக்கு மசக்கை எப்படி? மாங்காய் கேட்டால் கொடு. கேட்காவிட்டால் நீயே தின்னு, உன்னைத் தெரியாதா எனக்கு.

சேதி கேட்டதும் உங்கள் தெரு முனைக் கடைக்குப் போன் போட்டேன். கடைக்காரர் ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். சபாபதி அண்ணன்தான் வந்தார். "அவ தூங்குறா தங்கச்சி" என்றார். காலை பத்து மணிக்குத் தூக்கமா? பாட்டி ஆகும் முன்னாலேயே பாட்டி வேலை ஆரம்பித்துவிட்டாயா?

தாலாட்டைப் பற்றிக் கவலைப்படாதே. செட்டியார் மகனிடம் கேட்டேன். "ஊசி படாத தட்டுன்னா நேத்துப் பாடின மாதிரி இருக்கும் அக்கா" என்றார். அன்றே எடுத்துப் போகக் கேட்டார். உன் அண்ணன்தான் பிடி கொடுக்கவில்லை. "ஆயுத பூசை முடியட்டும். பூசைக்கு இல்லாம அது வெளிய போகாது" என்று சொல்லிவிட்டார். அவருக்கு லோரி ஒரு கண், உன் தட்டு ஒரு கண். நான் எங்கே என்று கேட்காதே, நான் கண்ணில் விழுந்த தூசு.

பினாங்குக்குப் போனாயா? என்ன சொன்னார்கள்? தொண்டைக்கு மிளகும் பனங்கற்கண்டும் வாயில் அடக்கிக்கொள். பேச்சையும் கொஞ்சம் அடக்கு. அதை நான் சொல்கிறேன் பார்!

தனலெட்சுமி

*

சுங்கைப் பட்டாணி,
25.9.1983

அன்பு அண்ணிக்கு,

எல்லாரும் இருக்கிறோம். பதில் எழுத நாளாகிவிட்டது. மன்னியுங்கள். பினாங்கில் கொஞ்ச நாள் தங்கும்படி ஆனது. இப்போது வலி இல்லை.

கடைக்குப் போன் போட வேண்டாம், அண்ணி. அங்கே நின்று பேசுவது எனக்குச் சரிப்படவில்லை. எழுதுங்கள். நானும் எழுதுகிறேன். இப்போது எனக்கு எழுத்து நன்றாகப் பழகிவிட்டது.

ரமணி வயிறு தெரிய ஆரம்பித்துவிட்டது. தட்டு எப்போது வரும்? தாலாட்டு நன்றாக வரும் என்று அவர் சொன்னதை மறுபடியும் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

இராஜம்மா

*

கிள்ளான்,
19.10.1983

கையெழுத்துக்காரி இராஜம்மாவுக்கு,

இங்கே இரண்டு கிழங்களும் நலம். உன் கடிதத்தைப் பிரித்ததும் யாரோ ஆபீஸ் கிராணி எழுதியது என்று நினைத்தேன். முத்து முத்தாக எழுத எப்போதடி கற்றுக்கொண்டாய்? என் எழுத்து கோழி கிண்டிய குப்பை, உன்னுடையது அச்சு. பொறாமையில் எனக்குச் சோறு இறங்கவில்லை. பொய். இரண்டு தட்டு தின்றேன்.

ஆயுத பூசை ஜோராக முடிந்தது. உன் அண்ணன் லோரியைக் கழுவி, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றினார். வீட்டுக்குள் என் ராஜ்ஜியம். தையல் மிஷின், அரிவாள், அம்மி, அப்புறம் உன் தட்டு. உன் தொழில் பாட்டுதானே? அதனால் அதற்கும் பூசை உண்டு. உறையிலிருந்து எடுத்து, போன வருஷத்துப் பொட்டைச் சுரண்டி, ஈரத்துணியால் துடைத்து, புதுசாக மூன்று கோடு சந்தனம் இழுத்து, நடுவில் குங்குமம் வைத்தேன். எனக்கு இதில் கணக்கு உண்டு. நடுவில் இருக்கிற காகிதத்தில் வைத்தால் உன் பேர் அழிந்துவிடும். அதில் தாமரைப் பூ இருக்கிறதே, அதுதான் மேல்பக்கம். பூவுக்கு நேர் மேலே கறுப்பு ஓரத்தில் வைப்பேன். அதுதானே நெற்றி? பதினைந்து வருஷமாக ஒரு நூல் பிசகாமல் அதே இடம். காய்ந்ததும் பார்க்க வேண்டும், கறுப்பு முகத்தில் பட்டை போட்ட உன் அண்ணன் மாதிரியே இருக்கும்.

நேற்று செட்டியார் மகன் வந்து இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு போனார். உறையைக்கூட அங்கே போய்த்தான் திறப்பாராம். தீபாவளி கழித்து என்னையும் கடைக்கு வரச் சொல்லியிருக்கிறார், போட்டுக் கேட்க.

தொண்டை எப்படி? எழுதவே இல்லையே.

தனலெட்சுமி

*

கிள்ளான்,
10.11.1983

இராஜம்மாவுக்கு உன் அண்ணி,

தீபாவளி நன்றாகப் போனதா? அதிரசம் சுட்டாயா? நான் சுட்டதை உன் அண்ணன் லோரிச் சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்க எடுத்துக்கொண்டு போனார்.

நேற்று பிரிக்பீல்ட்ஸ் போனேன். சிரிக்காமல் கேள். கடைக்கு மேல்மாடியில் ஒரு சின்ன அறை, ஏர்கோன். வேலாயுதம் என்று ஒரு தம்பிதான் மிஷின் பார்க்கிறவர். தட்டை வைத்து ஊசியை இறக்கினார். கொர்ர் என்றது. அப்புறம் நீ! உன் குரல்! அந்த இருபத்தெட்டு வயசுக் குரல்.  புடவையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன், இந்தத் தடவை என் புடவையை.

"பெரட்டுக்கு" என்றாய். டொக். "மணியடிச்சா" என்றாய். டொக்.

"யாரு கதவைத் தட்டுறது?" என்றார் வேலாயுதம். செட்டியார் மகன் போய்த் திறந்து பார்த்தார். ஆள் இல்லை. கதவைச் சாத்தினார். மறுபடியும் டொக். பாட்டு முழுக்க டொக் டொக் டொக். தட்டைத் தூக்கி லைட்டுக்கு நேரே சாய்த்துப் பார்த்தார்கள்.

"இது என்னக்கா, மஞ்சளா?"

"சந்தனம் தம்பி. ஆயுத பூசைக்கு வச்சது."

"கவர்லதானே வச்சீங்க?"

"கவர்ல வச்சா தட்டுக்கு எப்படிப் போய்ச் சேரும்?"

"அலாமாக்... எத்தன வருஷமா?"

"வந்ததுலேருந்து."

"ஒரே எடத்துலயா?"

"பின்ன? நெத்தி என்ன வருஷத்துக்கு வருஷமா எடம் மாறும்?"

வேலாயுதம் தம்பி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். சோப்புத் தண்ணீர், பஞ்சு, ஏதோ ஒரு மருந்து எல்லாம் போட்டுத் துடைத்தார். சந்தனம் வந்துவிட்டது. நான் வருஷா வருஷம் நகத்தால் சுரண்டின கீறல் வரவில்லை. "கோடு வெட்டுப்பட்டுப் போச்சு. இனிமே ஒண்ணும் பண்ண முடியாது அக்கா" என்றார். பொட்டு ஓரத்தில் இருந்ததால் ஓரத்தில் இருக்கிற முதல் பாட்டுக்கு மட்டும்தான் சேதம். மற்ற ஏழும் சுத்தம்.

ஆமாம். அந்த முதல் பாட்டுதான். உன் தாலாட்டு.

எனக்கு அங்கேயே அழுகை முட்டியது. அப்போதுதான் செட்டியார் மகன், "அக்கா, பாடினவங்கதான் இருக்காங்களே! அவங்களே வந்து மறுபடியும் பாடிட்டா இன்னும் நல்லா வரும்லா" என்றார். எனக்கு உயிர் வந்தது. அட, ஆமாம்! நீதான் இருக்கிறாயே! ஒரு தாலாட்டு. வாயைத் திறந்தால் வந்துவிடுகிற பாட்டு உனக்கு. ரயில் டிக்கெட் அவரே அனுப்புகிறாராம். தொண்டையில் தூசு தும்பு இருந்தால் என் மிளகு ரசத்தில் ஓடிப்போகும். கால் நடுங்கினால் பின்னால் நான் நிற்கிறேன்.

வா, இராஜம்மா. என்றைக்கு வருகிறாய்?

உன் மக்கு அண்ணி,
தனலெட்சுமி

*

சுங்கைப் பட்டாணி,
29.11.1983

தங்கச்சி தனலெட்சுமிக்கு சபாபதி எழுதிக்கொள்வது.

மச்சான் ரெங்கசாமி நலமா? இதை நான் வேலை பார்க்கிற மில்லில் உட்கார்ந்து எழுதுகிறேன். இராஜம்மாவுக்குத் தெரியாது. தெரியவும் வேண்டாம்.

அவள் உனக்குச் சொல்லவில்லை. தொண்டையில் இருந்தது கட்டி. ஆகஸ்டில் பினாங்கில் அறுத்தார்கள். குரல்பெட்டியோடு எடுத்தால்தான் உயிர் என்றார்கள். எடுத்துவிட்டார்கள். இப்போது உயிருக்குப் பயம் இல்லை. கழுத்தில் ஓட்டை போட்டு அதன் வழியாகத்தான் மூச்சு. கைக்குட்டை கட்டியிருக்கிறாள். சத்தம் என்று ஒன்று இல்லை, தங்கச்சி. சிரித்தாலும் இல்லை, அழுதாலும் இல்லை. சிலேட்டில் எழுதித்தான் எல்லாம் கேட்கிறாள்.

கிள்ளானுக்கு எழுதுகிறேன் என்று நான் எத்தனையோ முறை சொன்னேன். "அண்ணன் லோரி ஓட்டுறவர். ரோட்டுல அழுதுக்கிட்டு ஓட்டுவார்" என்று எழுதிக் காட்டினாள். "அண்ணிக்கும் வேண்டாம். அவங்க கடுதாசி மாறிப் போயிடும்" என்றும் எழுதினாள்.

நீ பாட வரச் சொன்ன கடிதத்தை ரமணி படித்தாள். கதவு தட்டியது என்று திறந்து பார்த்தார்களே, அந்த இடத்தில் இராஜம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். தோள் மட்டும்தான் குலுங்கியது. அப்புறம் அந்தக் கடைசிப் பக்கம் வந்தது. ரமணியால் படிக்க முடியவில்லை. இவள் கடிதத்தை வாங்கித் தானே படித்துவிட்டு, மடித்து, மாவு அரைக்கப் போய்விட்டாள்.

உன்மேல் தப்பு இல்லை. ஆனால் இனிமேல் பாடக் கூப்பிட்டு எழுதாதே. என்ன சாக்குச் சொல்வது என்று பதினைந்து நாளாகச் சிலேட்டை எழுதி எழுதி அழிக்கிறாள். அதைப் பார்க்க முடியாமல்தான் எழுதினேன். நான் எழுதியதை அவளிடம் காட்டிக்கொள்ளாதே.

சபாபதி

*

கிள்ளான்,
14.12.1983

அன்புள்ள இராஜம்மாவுக்கு,

இங்கு யாவரும் நலம். நீயும் மற்றவர்களும் நலமாக இருக்க இறைவனை வேண்டுகிறேன். ரமணி உடம்பைக் கவனமாகப் பார்த்துக்கொள்ளச் சொல்லவும்.

நீ வர வேண்டாம். பிள்ளைத்தாய்ச்சிப் பெண்ணை விட்டுவிட்டு எப்படி வருவாய் என்று உன் அண்ணன் சொன்னார். சரிதான். நான் யோசிக்காமல் எழுதிவிட்டேன்.

செட்டியார் மகனிடம் போய்ச் சொன்னேன். வேறு தட்டு கிடைக்குமா என்று போர்ட் கிள்ளானில் ஒவ்வொரு கோயிலாக நானே கேட்டுப் பார்த்தேன். ஒரு கோயிலில் இருந்தது. அதில் தாலாட்டு முழுக்கத் தேய்ந்து மழைச் சத்தம் மாதிரி கேட்கிறது. வேலாயுதம் தம்பி நம் தட்டை மறுபடியும் இரண்டு நாள் வைத்துப் பார்த்தார். முடியவில்லை.

பிரிக்பீல்ட்ஸ் கோயிலில் பசனை பாடுகிற சீதாலெட்சுமி என்ற பெண்ணைத் தாலாட்டு பாட வைக்கலாமா என்று கேட்கிறார். உன் சம்மதம் இல்லாமல் செய்ய மாட்டாராம். தாலாட்டை விட்டுவிட்டு ஏழு பாட்டோடு போட்டாலும் சரி என்கிறார். நீ எப்படிச் சொல்கிறாயோ அப்படி. அவசரம் இல்லை. நிதானமாக எழுது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

தனலெட்சுமி

*

சுங்கைப் பட்டாணி,
22.1.1984

அன்பு அண்ணிக்கு இராஜம்மா.

ரமணிக்கு ஆண் குழந்தை. தாயும் பிள்ளையும் சுகம். அண்ணன் ஜாடை என்று எல்லாரும் சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. எல்லாப் பிள்ளையும் பிறந்தவுடன் அண்ணன் மாதிரிதான் முகத்தைச் சுளிக்கும்.

அந்தப் பெண்ணே பாடட்டும். பிள்ளைக்கு அந்தப் பாட்டு வேண்டும். எனக்கு வீட்டு வேலையே சரியாக இருக்கிறது, வர முடியாது. பிள்ளை ராத்திரியெல்லாம் அழுகிறான். ரமணிக்குப் பாட்டு வராது, உங்களுக்குத் தெரியும். நான் தோளில் போட்டுக்கொண்டு நடக்கிறேன். முதுகில் தட்டுகிறேன். அவன் என் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறான்.

தாலாட்டுக்கு மட்டும் என் பேர் வேண்டாம். பாடினவள் பேர் போடச் சொல்லுங்கள்.

சந்தனம் வைத்த தட்டை எறிந்துவிடாதீர்கள். அதை எனக்கு அனுப்புங்கள்.

நீங்கள் சாப்பிடுகிறீர்களா? கடிதம் இளைத்துப் போயிருக்கிறது.

இராஜம்மா

*

கிள்ளான்,
8.4.1984

அன்புள்ள இராஜம்மாவுக்கு,

நலம். உங்கள் அனைவரின் நலத்துக்கும் எழுதவும். பேரன் நன்றாகப் பால் குடிக்கிறானா?

புதுத் தட்டு வந்துவிட்டது. சிங்கப்பூரில் அச்சடித்து வந்தது. கோயில் வாசலில் வைத்து விற்கிறார்கள். நம் பக்கத்து ஆட்கள் நிறைய வாங்குகிறார்கள். உறையில் உன் பேர் பெரிதாக இருக்கிறது. தாலாட்டுக்கு மட்டும் அந்தப் பெண் பேர், நீ சொன்னபடி.

பிரையில் சரக்கு இறக்கப் போகிற லோரியில் இரண்டு தட்டையும் கொடுத்துவிடுகிறேன். நம் கன்னையா அண்ணன் ஓட்டுகிறார். பழைய தட்டைப் பழைய துண்டில் சுற்றியிருக்கிறேன். மிஷின் ஒன்றும் செட்டியார் மகன் கொடுத்திருக்கிறார். அவர் கடையில் இருந்தது, அவர் அப்பாவுடையது. திருப்பித் தர வேண்டாமாம்.

நான் பழைய தட்டில் கை வைக்கவில்லை. உன் அண்ணன்தான் சுற்றினார்.

தனலெட்சுமி

*

சுங்கைப் பட்டாணி,
2.5.1984

அன்பு அண்ணிக்கு,

இங்கே எல்லாரும் இருக்கிறோம். தட்டு இரண்டும் மிஷினும் உடையாமல் வந்து சேர்ந்தன. கன்னையா அண்ணன் சாப்பிட்டுவிட்டுத்தான் போனார். என்னைப் பார்த்ததும் அவர் வாயை மூடிக்கொண்டார். அண்ணனிடம் என்ன சொன்னாரோ தெரியவில்லை.

முதலில் புதுத் தட்டைப் போட்டோம். அந்தப் பெண் நன்றாகப் பாடியிருக்கிறது. குறை சொல்ல ஒன்றும் இல்லை. இரண்டாவது அடி வருவதற்குள் பிள்ளை தூங்கிவிட்டான். ரமணி சந்தோஷத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்கு அதுதான் அண்ணி தாங்கவில்லை. பிள்ளை அழுதிருந்தால்கூடச் சகித்துக்கொண்டிருப்பேன். எழுந்து பின்னால் போய்த் துவைத்த துணியையே மறுபடியும் துவைத்தேன்.

மறுநாள் பழைய தட்டைப் போட்டோம். நான்தான். அப்படியே நான்தான். பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். டொக் என்றது. அவன் திடுக்கிட்டுக் கையை விரித்தான். மறுபடியும் டொக். வீறிட்டு அழுதான். நான் தட்டிக் கொடுத்தேன். என் குரல் பாடுகிறது, நான் தட்டிக் கொடுக்கிறேன், அவன் கத்துகிறான். கொஞ்சம் பொறுத்தால் பழகிவிடும் என்று நினைத்தேன். முகம் கன்றிச் சிவந்துவிட்டது. மாப்பிள்ளை வந்து ஊசியைத் தூக்கினார். அவர் செய்தது சரிதான். பிள்ளை அழுகிறதே.

இப்போது அவனுக்கு அந்தப் பெண்ணின் தட்டு. ரமணி அவனைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கோ கோயிலுக்கோ போகிறபோது, நான் என்னுடையதைப் போட்டுக் கேட்கிறேன்.

அண்ணி, உங்களுக்கு எல்லாம் தெரியும் என்று எனக்குத் தெரியும். டிசம்பர் மாதக் கடிதத்தைப் பிரித்தவுடனே தெரிந்துவிட்டது. "இறைவனை வேண்டுகிறேன்" என்று நீங்கள் எழுதினால் எனக்குப் புரியாதா? என்றைக்கு அண்ணி நீங்கள் என்னிடம் அப்படி எழுதினீர்கள்? இவரிடம் சிலேட்டைக் காட்டிக் கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டார். நானும் தெரியாத மாதிரி இருந்தேன். நீங்களும் தெரியாத மாதிரி எழுதினீர்கள். இனிமேல் என்னால் முடியாது.

குரல் போனது எனக்கு. ஆனால் எல்லாரும் சத்தத்தைக் குறைத்துக்கொண்டார்கள். இவர் மெல்லப் பேசுகிறார். ரமணி ரகசியம் மாதிரி பேசுகிறாள். கடைக்காரர் என்னிடம் கையால் சைகை காட்டுகிறார். காது எனக்கு நன்றாகத்தான் கேட்கிறது என்று எத்தனை பேருக்குச் சிலேட்டில் எழுதிக் காட்டுவது? வீட்டில் யாரோ செத்துக் கிடப்பது போல எல்லாரும் நடக்கிறார்கள். கிள்ளானிலிருந்தாவது ஒரு சத்தம் வரும் என்று தபால்காரரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உங்கள் கடிதமும் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தது.

சந்தனத்தை மறந்துவிடுங்கள். வேண்டுமென்றா வைத்தீர்கள்? பதினைந்து வருஷம் என் பாட்டுக்கு யார் பூசை செய்தார்கள், உங்களைத் தவிர?

என்னைக் கேலி செய்யுங்கள், அண்ணி. முன்னே மாதிரி எழுதுங்கள்.

இராஜம்மா

*

கிள்ளான்,
11.5.1984

அடி இராஜம்மா,

உன் கடிதம் வந்த அன்றே எழுத உட்கார்ந்தேன். ஊமைப் பாட்டுக்காரி என்று ஆரம்பித்தேன். கிழித்துவிட்டேன். உன் பேரன் உன் பாட்டுக்கு அழுததைப் பற்றி ஒன்று எழுதினேன். நன்றாகத்தான் வந்தது. அதையும் கிழித்தேன். குப்பைக்கூடையைப் பார்த்துவிட்டு உன் அண்ணன், "என்னடி, எழுதத் தெரியாதவ ஒரு புஸ்தகமே எழுதிட்டியா?" என்றார்.

அவரிடமே கேட்டேன். "உங்க தங்கச்சிக்குச் சிரிப்பா ஒண்ணு எழுதணும். நீங்களாச்சும் சொல்லுங்க."

  அவர் எழுந்து போய், கழுவி நிறுத்தியிருந்த லோரியை மறுபடியும் கழுவ ஆரம்பித்துவிட்டார். நீ துணி துவைத்த மாதிரிதான். ஒரே வயிற்றுப் பிள்ளைகள்.

எனக்கு வரவில்லை, இராஜம்மா. பேனாவைப் பிடித்தால் கை அப்படியே நின்றுவிடுகிறது. இத்தனை வருஷம் எப்படி எழுதினேன் என்றே தெரியவில்லை. நீ கேட்டது இது ஒன்றுதான். அதையும் என்னால் கொடுக்க முடியவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை புடுராயாவில் பஸ் ஏறுகிறேன். உன் அண்ணனும் கூட வருகிறார். லோரிக்கு லீவு. சபாபதி அண்ணனைக் கூட்டிக்கொண்டு பஸ் ஸ்டேஷனுக்கு நீயே வா. உன்னைப் பார்த்ததும் நான் அழுவேன். தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி அழுவேன். உன் அண்ணன் "சும்மா இருடி" என்று கத்துவார். நான் அவரைத் திருப்பிக் கத்துவேன். கேலி வருமா என்று தெரியவில்லை. சத்தம் வரும்.

தனலெட்சுமி